விலகி நடந்த ஈ

முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு கண்ணாடிக் குப்பியை ஒரு மணி நேரம் கண் எடுக்காமல் பார்ப்பது. குப்பிக்குள் இரண்டே ஈக்கள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும். ஆண், டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். மரபியல் படித்தவர்கள் எல்லோரும் எண்ணி எண்ணிக் கண் வலித்த அதே பழ ஈ. பெண், அதன் நெருங்கிய உறவான டிரோசோஃபிலா சிமுலன்ஸ். இரண்டு சிற்றினத்தின் பெண் ஈக்களையும் நுண்ணோக்கிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்வது பெரும்பாடு. ஆண்களில் மட்டும் வயிற்றின் நுனியில் ஒரு சின்ன மடல் வேறு வடிவத்தில் இருக்கும். அதை வைத்துத்தான் பிரித்தெடுப்போம்.

ஆண் ஈ சும்மாவே இருக்கவில்லை. பெண்ணின் பின்னாலேயே போனது. முன்னங்காலால் வயிற்றைத் தட்டிப் பார்த்தது. பிறகு ஒரு பக்கச் சிறகை மட்டும் விரித்து அதிரவிட்டது. அதுதான் அதன் பாட்டு. தனி ஒலிவாங்கி இல்லாமல் நம் காதில் விழாது. மெலனோகாஸ்டர் ஆண் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் விடும் இடைவெளி ஏறத்தாழ 35 மில்லிவினாடி. சிமுலன்ஸ் ஆண் விடுவது 50-ஐ ஒட்டி வரும். அந்தப் பெண் எதிர்பார்த்த தாளம் இது இல்லை. மேலே பூசியிருக்கும் மெழுகின் வாசனையும் வேறு. அது பின்னங்காலால் ஓர் உதை விட்டது, விலகி நடந்தது. ஆண் சுற்றிவந்து மறுபடி சிறகை விரித்தது. பெண் மறுபடி விலகியது. ஒரு மணி நேரமும் இதேதான். என் தாள் முழுக்க முயற்சிக்கு ஒன்றாகக் கோடுகள், ஜோடி சேர்ந்ததைக் குறிக்கும் கடைசிப் பத்தியில் பூஜ்யம்.

அன்றைக்கு அது வெறும் அலுப்பான வேலை. இத்தனை வருடம் கழித்து நினைத்துப் பார்த்தால், உயிரியலில் என் கண்ணால் பார்த்தவற்றில் அந்த விலகலைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒரு சிற்றினத்தின் எல்லை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், இப்போது அந்தக் குப்பியைத்தான் சொல்வேன். எல்லை அந்த ஆணின் உடம்பிலும் இல்லை, பெண்ணின் உடம்பிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், நடக்காமல் போன ஒன்றில் இருந்தது.

சிமுலன்ஸ் என்று தனியாக ஒன்று இருப்பதே 1919-இல்தான் தெரியவந்தது. ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட் என்ற மரபியலாளர், மெலனோகாஸ்டர் என்று நினைத்துக் கலந்த ஈக்களில் சில, இயல்பான சந்ததியைத் தரவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை சந்ததியில் இரண்டாகப் பிரிந்தன. பின்னாளில் பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் அழுத்திச் சொன்ன வரையறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது: தங்களுக்குள் இனம் பெருக்கிக்கொள்ளும், மற்றவற்றோடு இனம் பெருக்காமல் தனித்து நிற்கும் கூட்டமே சிற்றினம். இந்த வரையறையில் ஓட்டைகள் உண்டு. கலவியே இல்லாமல் பெருகும் உயிர்களுக்கு இது செல்லாது, புதைபடிவங்களிடம் இதைக் கேட்கவே முடியாது. ஆனாலும் புதுச் சிற்றினம் எப்படி உண்டாகிறது என்று யோசிக்க இதைவிட நல்ல கைப்பிடி எனக்குக் கிடைக்கவில்லை. கேள்வி உடனே கூர்மையாகிவிடுகிறது. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த கூட்டம், ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கூட்டமாக எப்படி ஆனது?

என்னிடம் பலரும் கேட்பது வேறு கேள்வி. “முதல் மனிதனோட அம்மா குரங்கா?” கேலியாகக் கேட்பவர்களும் உண்டு, நிஜமாகவே தூக்கம் கெட்டுக் கேட்பவர்களும் உண்டு. இரண்டாமவர்களுக்காக ஒன்று சொல்வேன். பழந்தமிழின் மேற்கு வட்டார வழக்கு ஒன்று மெல்ல மெல்ல மலையாளமாயிற்று. அதற்காகத் தமிழ் பேசிய ஒரு தாய்க்கு மலையாளம் பேசிய பிள்ளை பிறந்ததாக யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய் பேசியதைத்தான் பேசியது. எந்த வீட்டிலும் யாருக்கும் யார் பேச்சும் புரியாமல் போகவில்லை. இருந்தும் நூற்றாண்டுகள் போனபின் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தால் இரண்டு மொழிகள். உயிரினங்களிலும் தனி ஒரு விலங்கு மாறுவதில்லை, கூட்டம் மாறுகிறது. எந்தக் குட்டியும் தன் தாயைவிட வேறு சிற்றினமாகப் பிறப்பதில்லை. (செடிகளில் இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது, பிறகு வருகிறேன்.)

இதுவரை சுலபம். டார்வினையே உறுத்திய இடம் இதற்கு அடுத்தது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அது நன்றாக உழைக்கும், ஆனால் மிக அரிதாகத் தவிர ஈனாது. இந்த மலட்டுத்தன்மை எப்படி வந்தது? இயற்கைத் தேர்வு பிழைக்கவும் பெருகவும் உதவும் குணங்களைத்தானே வளர்த்தெடுக்கும்? சந்ததியே இல்லாமல் போவதை அது எப்படித் தேர்ந்தெடுக்கும்? அதைத் தேர்வு நேரடியாக உண்டாக்கியிருக்க முடியாது, வேறு மாற்றங்களின் உடன்விளைவாக வந்திருக்க வேண்டும் என்று டார்வின் 1859-இல் எழுதினார். சரியான திசைதான். எப்படி என்பதைச் சொல்ல அவர் கையில் மரபியல் இல்லை.

விடையை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் ஆய்வகத்துப் பேராசிரியை. பெயர் வேண்டாம், மேடம் என்றே சொல்கிறேன். சிமுலன்ஸ் பெண் ஒத்துக்கொள்ளாததால் நாங்கள் ஜோடியை மாற்றிப் போட்டோம்: மெலனோகாஸ்டர் பெண், சிமுலன்ஸ் ஆண். இந்தப் பக்கம் கொஞ்சம் இணங்கும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து சில மணி நேரமே ஆன, இன்னும் எந்த ஆணோடும் சேராத பெண் ஈக்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அதற்காக விடிகாலையிலேயே போய் உட்காருவேன். பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருந்து, பிறந்தவற்றை எண்ணினேன். அத்தனையும் பெண். ஓர் ஆண்கூட இல்லை. நான்தான் ஏதோ தப்பாக எண்ணிவிட்டேன் என்று பயந்து மறுபடி எண்ணினேன். மேடம் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சுவரில் ஒட்டிக் கருத்துப்போயிருந்த கூட்டுப்புழுக்களைக் காட்டினார். சில புழுவாகவே கிடந்தன. “பசங்க எல்லாம் இங்கேயே நின்னுட்டாங்க.”

பிறகு ஒரு மகள் ஈயை உப்புக் கரைசலில் போட்டு, ஊசிமுனையால் வயிற்றைப் பிரித்துக் காட்டினார். இயல்பான பெண்ணின் வயிற்றில் சூலகம் இரண்டு திராட்சைக் குலை போல நிறைந்து நிற்கும். இங்கே இரண்டு மெலிந்த நூல்கள் மட்டும். பிழைத்த மகள்களுக்கும் வாரிசு கிடையாது. “தாய்கிட்டயும் ஒரு குறையும் இல்ல, தகப்பன்கிட்டயும் இல்ல. ரெண்டு பேர் ஜீனும் தனித்தனியா நல்லாத்தான் வேலை செய்யுது. ஒண்ணா ஒரே உடம்புல சேர்ந்து வேலை செஞ்சு பழக்கமில்ல, அவ்வளவுதான்மா.”

மரபியலாளர்கள் தியோடோசியஸ் டொப்ஷான்ஸ்கியும் ஹெர்மன் முல்லரும் 1930-களிலும் 40-களிலும் எழுதியதன் சாரம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கக் கூட்டத்தில் ஒரு மரபணு மாறுகிறது. தன் கூட்டத்தின் மற்ற மரபணுக்களோடு அது பொருந்துவதால் பரவுகிறது. வலது பக்கத்தில் வேறொரு மரபணு மாறுகிறது. அதுவும் தன் கூட்டத்தில் பொருந்துவதால் பரவுகிறது. எந்தப் பக்கத்திலும் எந்தத் தலைமுறையும் நோய்ப்படவில்லை, மலடாகவில்லை. ஆனால் இடது பக்கப் புதுசும் வலது பக்கப் புதுசும் ஒரே உடம்பில் சந்தித்ததே இல்லை. அந்தச் சந்திப்பை இயற்கை ஒருமுறையும் சோதித்துப் பார்க்கவில்லை. முதல் சோதனை கலப்புக் குழந்தைதான். தேர்வு மலட்டுத்தன்மையை உண்டாக்கவே தேவையில்லை. சேர்ந்து வாழாத இரண்டு வரலாறுகள் போதும்.

நான் பார்த்த அந்தக் கருத்த கூட்டுப்புழுக்களின் காரணத்தைப் பின்னாளில் மரபணுப் பெயரோடு கண்டுபிடித்தார்கள். மெலனோகாஸ்டரிடமிருந்து வரும் ஹெச்எம்ஆர், சிமுலன்ஸிடமிருந்து வரும் எல்ஹெச்ஆர். இரண்டும் ஒரே ஆண் புழுவுக்குள் சேர்ந்தால் அது செத்துப்போகிறது. இரண்டில் ஏதாவது ஒன்று செயலிழந்திருந்தால் மகன் பிழைத்துக்கொள்கிறான். இவை இரண்டும் டொப்ஷான்ஸ்கி சொன்ன மாதிரியான ஜோடிதான் என்று 2006-இல் நிறுவினார்கள். அந்தக் கட்டுரையை அச்செடுத்து வீட்டில் வைத்திருக்கிறேன். ஓர் எல்லைச் சுவரின் இரண்டு செங்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்த மாதிரி இருந்தது.

சரி, கூட்டம் முதலில் பிரிவது எப்படி? பெரும்பாலும் நிலமும் நீரும்தான் பிரித்துவைக்கின்றன. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலச்சந்தி எழுந்து பசிபிக் கடலையும் கரீபியன் கடலையும் அறுத்தது. கொடுக்கைச் சொடுக்கி வெடிச்சத்தம் எழுப்பும் இறால்கள் இரு பக்கமும் மாட்டிக்கொண்டன. கடல் உயிரியலாளர் நான்சி நோல்ட்டன் குழுவினர் அந்தப் பக்கத்து ஆணையும் இந்தப் பக்கத்துப் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டபோது, பார்க்க உடன்பிறப்பு போலிருந்த அவை ஒன்றை நோக்கி ஒன்று கொடுக்கைச் சொடுக்கின. மிகச் சில ஜோடிகள்தான் முட்டை வரை போயின.

பிரிவு இவ்வளவு நீண்டதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளில் டாஃப்னே மேஜர் என்று ஒரு பொட்டல் எரிமலைத் தீவு. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் நாற்பது ஆண்டுகள் அங்கே போய்த் தங்கி, ஃபிஞ்ச் குருவிகளின் காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து, யார் யாரோடு சேர்ந்தது, யார் பிள்ளை யார் என்று குடும்ப மரமே எழுதிவைத்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. பொடி விதைகள் தீர்ந்தன. மிஞ்சியது பெரிய கெட்டி விதைகள், முக்கியமாக நெருஞ்சி இனத்துச் செடி ஒன்றின் முள்காய். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரை ஃபிஞ்சுகளில் பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கூடியிருந்தது. அரை மில்லிமீட்டர்! அவ்வளவுதான் வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவில். 1983-இன் பெருமழைக்குப் பிறகு பொடி விதைகள் பெருகியதும் சின்ன அலகுகளுக்கு நல்ல காலம் வந்தது. பரிணாமம் ஒரு திசையில் ஏறும் படிக்கட்டு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் என்னை அந்தத் தீவோடு கட்டிப்போட்டது வேறொரு கதை. 1981-இல் ஓர் ஆண் குருவி அங்கே வந்து சேர்ந்தது. உள்ளூர்க் குருவிகளைவிடப் பெரிய உடல், பெரிய அலகு, யாரும் கேட்டிராத பாட்டு. பிற்பாடு மரபணுவை வாசித்தபோதுதான் தெரிந்தது, அது 100 கிலோமீட்டருக்கும் அப்பால் எஸ்பானியோலா தீவிலிருந்து வந்த வேறு சிற்றினம். திரும்பிப் போகவில்லை. உள்ளூர்ப் பெண் ஒன்றோடு சேர்ந்தது. குஞ்சுகள் பிறந்தன. இந்தக் குருவிகளில் மகன் தகப்பனிடம்தான் பாட்டுக் கற்றுக்கொள்கிறான். ஆக மகன்கள் பாடியது வந்தவனின் பாட்டு. உள்ளூர்ப் பெண்களை அந்தப் பாட்டு ஈர்க்கவில்லை. அலகின் வாகும் ஈர்க்கவில்லை. இரண்டு தலைமுறைக்குள் அந்த வம்சம் தங்களுக்குள்ளேயே இணை சேரத் தொடங்கிவிட்டது. இடையில் வந்த ஒரு வறட்சியில் மிஞ்சியது ஓர் அண்ணன் தங்கை மட்டுமே. அதிலிருந்து மறுபடி தழைத்தது. முறையான பெயர் எதுவும் வைக்கவில்லை. கிராண்ட் தம்பதி இது நிலைக்கும் என்று அடித்துச் சொல்லவும் இல்லை. அவர்களின் அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். புதுச் சிற்றினத்தின் முதல் அடி எப்படி இருக்கும் என்று மனிதக் கண் பார்த்திருக்கிறது. அதில் மலட்டுத்தன்மை எதுவும் இல்லை. தகப்பனிடம் கற்ற ஒரு பாட்டு இருந்தது; கேட்டுவிட்டு விலகிப்போன பெண்கள் இருந்தார்கள்.

கடலும் மலையும் இல்லாமலே பிரியவும் முடியும். வட அமெரிக்காவில் ஹாதார்ன் என்ற முள்மரத்தின் பழத்தில் முட்டையிடும் ஓர் ஈ, குடியேறியவர்கள் கொண்டுவந்த ஆப்பிள் மரத்துக்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாவியது. இந்த ஈக்கள் பழத்தின்மேல்தான் ஜோடி சேரும். ஆப்பிள், ஹாதார்னுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பழுக்கும். ஈயின் ஆயுளோ ஒரு மாதத்தை ஒட்டி. பக்கத்து மரத்தில் இருந்தும் பெரும்பாலும் சந்திக்காமலே வாழ்ந்து முடிகின்றன. இன்னும் தலைமுறைக்கு 4 முதல் 6 சதவீதம் கலப்பு நடக்கிறது, ஆகவே பிரிவு முடியவில்லை. எந்த இடத்தில் கோடு போடுவது என்று என்னைக் கேட்டால், போடவே கூடாது என்பேன். பாதியில் இருப்பதைப் பாதியில் இருப்பதாகவே பார்க்கப் பழக வேண்டும்.

விதிவிலக்கு என்றேனே, செடிகள். ஐரோப்பாவிலிருந்து ட்ராகோபோகன் என்ற காட்டுப் பூச்செடியின் மூன்று சிற்றினங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் 12 குரோமோசோம். அவை கலந்த செடிகள் பெரும்பாலும் மலடு. குரோமோசோம்கள் தங்களுக்குச் சரியான ஜோடி கிடைக்காமல் தடுமாறும். ஆனால் ஏதோ ஒரு செடியில் மொத்தத் தொகுதியும் இரட்டித்து 24 ஆனது. உடனே ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்துவிட்டது, விதை பிடித்தது. பெற்றோர் இருவரோடும் சுலபத்தில் சேராத, தங்களுக்குள் பெருகும் செடி. தாவரவியலாளர் மேரியன் ஓன்பீ 1950-இல் இப்படிப்பட்ட இரண்டு புதுச் சிற்றினங்களுக்குப் பெயர் சூட்டினார். இங்கே மட்டும், தாயைவிட வேறு சிற்றினமாகப் பிள்ளை பிறந்தது என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். அதுவும் ஒருமுறை இல்லை, பல இடங்களில் தனித்தனியாக நடந்திருக்கிறது.

மற்ற எல்லா இடத்திலும் கோடு மங்கலாகவே இருக்கிறது. திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி, மேலே பச்சை தோய்ந்த ஒரு சின்னக் கதிர்க்குருவி வாழ்கிறது. தெற்கே இமயமலையில் அதன் பாட்டு குட்டையாக, எளிமையாக இருக்கும். மேற்கு வழியாக வடக்கே போகப் போகப் பாட்டு நீள்கிறது, சிக்கலாகிறது. கிழக்கு வழியாகப் போனாலும் நீள்கிறது, ஆனால் வேறு மாதிரி. அக்கம்பக்கத்துக் குருவிகளுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. பீடபூமியை வளையமாகச் சுற்றி வந்த இந்த இரண்டு கைகளும் சைபீரியாவில் மறுபடி சந்திக்கும் இடத்தில், மேற்குக் குருவியும் கிழக்குக் குருவியும் ஒரே காட்டில் இருந்துகொண்டு ஒன்றையொன்று சட்டை செய்வதில்லை. டேரன் இர்வின் என்ற ஆய்வாளர் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுச் சோதித்தார். தன் வகைப் பாட்டுக்குச் சண்டைக்குப் பாய்ந்து வரும் ஆண், மற்றதன் பாட்டுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வளையம் பழங்காலத்தில் சில இடங்களில் அறுந்திருந்தது என்று 2014-இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. கதை முதலில் நினைத்த அளவு வழவழப்பானது இல்லை. எனக்கு அதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. இரண்டு முனைப் பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டிருக்கிறேன். எந்தக் கிளையில் அது வேறு பாட்டாயிற்று என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது.

கடைசியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி. இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அந்த ஏரி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு கிடந்தது. மறுபடி நிரம்பிய பிறகு அதில் ஏறத்தாழ 500 சிக்லிட் மீன் சிற்றினங்கள் உண்டாயின. பாறையைச் சுரண்டுவது, நத்தையை உடைப்பது, மற்ற மீனின் செதிலைப் பிய்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழைப்பு. இவ்வளவு வேகம் எப்படி என்ற கேள்விக்கு 2017-இல் ஒரு விடை வந்தது: காங்கோ, மேல் நைல் ஆற்றுப் பகுதிகளைச் சேர்ந்த இரண்டு பழைய வம்சங்கள் கலந்ததிலிருந்துதான் இவற்றின் மூதாதைக் கூட்டம் வந்தது. கலப்பு இங்கே பிரிவுக்குச் சரக்கு சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

அவற்றில் ஒரு ஜோடி புண்டமீலியா. ஒன்றின் ஆண் சிவப்பு, மற்றதன் ஆண் நீலம். சிவப்பு கொஞ்சம் ஆழத்தில் வாழும், அங்கே சிவப்பு ஒளிதான் அதிகம் எட்டும், நீலம் மேலே. பெண்கள் இரண்டிலும் மங்கிய நிறம். அவை முட்டைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். குஞ்சு வெளிவரும் வரை இரை எடுப்பதே அபூர்வம். அவ்வளவு விலை கொடுப்பதால் எந்த ஆண் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கும். இந்த இரண்டும் கலந்தால் பிறக்கும் குஞ்சுகள் மலடில்லை, நன்றாகவே பெருகும். என் ஈக்களைப் போலக் கருத்த கூட்டுப்புழு இங்கே கிடையாது. எல்லையைக் காப்பது அந்தப் பெண்ணின் கண் மட்டுமே.

இந்த மீன்களை ஆராய்ந்த ஓலே சீஹவுசனும் கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்ட சோதனையை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று தெரியாது. வெள்ளை விளக்கின் கீழ்த் தொட்டியில் பெண் மீன் தன் வகை ஆணிடம் போனது, மற்றதை விட்டு விலகியது. பிறகு இரு நிறத்தையும் ஒரே மாதிரி காட்டும் ஒற்றை நிற விளக்கைப் போட்டார்கள். விலகல் நின்றது. எந்த ஆணும் அதற்குச் சரிதான். ஏரியிலும் அதே கதை. சுற்றிலும் காடு வெட்டப்பட்டது, மண்ணும் உரமும் கரைந்து வந்தன, பாசி பெருகியது. தண்ணீர் தெளிந்த இடங்களில் சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் இருந்தன. கலங்கிய இடங்களில் ஆண்களின் நிறம் மங்கி, நடுவான சாம்பல் மீன்கள் பெருகியிருந்தன. 1950-களில் ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச் என்ற பெரிய இரைகொல்லி மீன் நூற்றுக்கணக்கான சிக்லிட் சிற்றினங்களைத் தின்று தீர்த்ததை எல்லோரும் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் கலங்கிய நீரில் எந்த மீனும் சாகவில்லை. பிணம் மிதக்கவில்லை. மீன்கள் அங்கேயே நீந்திக்கொண்டிருந்தன, ஜோடி சேர்ந்தன, முட்டையை வாயில் சுமந்தன, குஞ்சு பொரித்தன. இரண்டு சிற்றினங்கள் இருந்த இடத்தில் ஒன்று இருந்தது.

அந்தக் கட்டுரையைப் படித்த ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் குப்பிதான் ஞாபகம் வருகிறது. எள்ளளவு பெண் ஈ உதைத்துவிட்டு, திரும்பி, கண்ணாடிச் சுவரின் மேலே ஏறி நடந்துபோகிறது. ஆண் சிறகை விரித்தபடி கீழே நிற்கிறது. நான் தாளில் இன்னொரு கோடு போடுகிறேன்.